திராட்சைத் தோட்டத்து அமாவாசை

மற்ற ஊர்களுக்கெல்லாம் லீவு விடுவது அரசாங்கம். எங்கள் ஊருக்கு லீவு விடுவது நிலா.

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் பக்கம் ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள், தறிச் சத்தம் காதைப் பிளக்கும். தேர்தல் அன்றைக்கு ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, விரலில் மை காய்வதற்குள் தறியில் உட்கார்ந்துவிடுவார்கள். ஆனால் அமாவாசை அன்றைக்குத் தெருவே ஊமையாகிவிடும். யாரும் தறியில் கை வைக்க மாட்டோம். சினிமாவுக்குப் போவது, பெண் பார்க்கப் போவது, சொத்தைப் பல்லைப் பிடுங்கிக்கொள்வது எல்லாமே எங்களுக்கு அமாவாசையில்தான். நானும் ஐம்பது வயதுவரை அப்படியே வளர்ந்துவிட்டேன். (வளர்ந்தேன் என்றா சொன்னேன்? வயதானேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இன்றைக்கும் சொந்தக்காரர்கள் எந்தக் கல்யாணத்திலும் என்னை நிம்மதியாகச் சாப்பிட விடுவதில்லை. இலை போட்டுச் சோறு விழுந்ததும் எவனாவது ஒருத்தன், "தேவகிக்கா, கூப்ட்டுட்டியா?" என்று ஆரம்பிப்பான். பந்தி முழுக்கச் சிரிக்கும். நானும் சிரித்துவைப்பேன். வேறு என்ன செய்வது, நடந்தது அப்படி.

எனக்கு ஒரே பெண், நிவேதா. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. அவள் அப்பா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. வீட்டில் நானும் ஒரு தறியும். கரையைத் தனி நிறத்தில் கோர்த்து நெய்கிற கோர்வைச் சேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் நடுவில் உட்கார்ந்து நெய்தால், இன்னொருவர் கரைப் பக்கம் உட்கார்ந்து, ஊடை நூல் சுற்றிய நாடாவைத் தள்ள வேண்டும். அவர் இருந்தவரை நாங்கள் கோர்வைதான் நெய்தோம். அவர் போனதும் ஒற்றை ஆள் நெய்கிற சேலைக்கு மாறிவிட்டேன். சேலை நன்றாகத்தான் வருகிறது. பேச்சுத்துணைக்குத்தான் ஆள் இல்லை.

அந்தக் குறை தெரியாமல் பார்த்துக்கொண்டவள் நிவிதான். தினமும் சாயந்திரம் ஆபீஸிலிருந்து ரூமுக்கு நடந்துகொண்டே பேசுவாள். அவள் மேனேஜர் எவ்வளவு கஞ்சன், கேன்டீன் சாம்பாரில் எவ்வளவு வெல்லம், பக்கத்துச் சீட்டுப் பெண் யாரைக் காதலிக்கிறாள், எல்லாம் எனக்கு அத்துப்படி. நான் பார்த்தேயிராத அந்த ஆபீஸில் எனக்கு மூன்று எதிரிகள்கூட உண்டு.

பிறகு ஒரு நாள் அவள் போனில் ஸ்டேட்டஸ் வைத்தாள். நாலைந்து பெண்கள் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். நடுவில் என் பெண். கையில் ஒற்றைக்கால் கண்ணாடி டம்ளர். உள்ளே அரக்குக் கலரில் என்னவோ.

உடனே போன் போட்டேன். "இன்னாடி அது கையில?"

"ஒயின்மா."

பொய் சொல்லியிருக்கக் கூடாதா? திராட்சை ஜூஸ் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். நம்புவதற்குத் தயாராகத்தான் போனையே எடுத்தேன். நேர்மையாகச் சொல்லி என்னை மாட்டிவிட்டாள். எனக்கு வந்ததே கோபம்! தெரு முனைவரை கேட்கிற மாதிரி கத்தினேன். "உங்கப்பா ஒரு நாள் அந்தக் கடைப் பக்கம் ஒதுங்கியிருப்பாரா? இதெல்லாம் பாக்காம அவரு போய்ச் சேந்ததே மேல்!"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், "சரிம்மா" என்று வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து சாயந்திரப் பேச்சு சுருங்கிப்போயிற்று. "சாப்ட்டியாம்மா?" "சாப்ட்டேன். நீ?" "ஆச்சு." "வேலை எப்படி?" "இருக்குதுமா. சரி, வெக்கிறேன்." அவ்வளவுதான். மேனேஜர் இருக்கிறானா, செத்தானா, எதுவும் தெரியவில்லை. போனை வைத்துவிட்டுத் தறிமேடையில் உட்கார்ந்தால், சொல்ல வெட்கமாக இருக்கிறது, அழுகை வந்துவிடும். நூலில் கண்ணீர் படக் கூடாதே என்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுவேன்.

எங்கள் வீட்டில் மன்னிப்புக் கேட்கிற பழக்கமெல்லாம் கிடையாது. சண்டை போட்டால் மறுநாள் அடுத்தவருக்குப் பிடித்த குழம்பை வைத்துத் தட்டில் ஊற்றுவோம். எதிராளி இரண்டாம் முறை சோறு கேட்டால் சமாதானம். பெங்களூருக்கு எப்படிக் குழம்பு ஊற்றுவது? யோசித்து யோசித்து, ஒரு நாள் நாடாவைப் போட்டுவிட்டு எழுந்து நசீமா வீட்டுக்குப் போனேன்.

நசீமா என் பள்ளிக்கூடத்துத் தோழி. ஒலிமுகமதுபேட்டையில் வீடு. அவர்களுக்குத் தலைமுறையாக ஜரிகை வியாபாரம். இந்த வயதில் போனில் டிக்கெட் போடுவது, ஃபேன் வாங்குவது எல்லாம் கற்று வைத்திருக்கிறாள்.

"நசீமா, ஒயின் செய்ற ஊருக்கு டூர் போறாங்களாமே, அது எங்கே இருக்குது?"

அவள் கையிலிருந்த டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

விஷயத்தைச் சொன்னேன். நிவியை நானே அங்கே கூட்டிக்கொண்டு போகப்போகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து, "குடிடி கண்ணு" என்று சொல்லப்போகிறேன். அவள் புரிந்துகொள்வாள். இதுதான் என் குழம்பு.

நசீமா மிச்ச டீயை ஒரே மடக்கில் குடித்து முடித்தாள். அப்புறம் போனை எடுத்தாள். தேடிப் பிடித்தும்விட்டாள். பெங்களூருக்கு முதன்முறை வருகிறவர்களுக்கான டூர்: ஒரு நாள் ஊர் சுற்றல், ஒரு நாள் நந்தி மலைப் பக்கம் திராட்சைத் தோட்டம், ஒயின் ருசி பார்த்தல், மதியச் சாப்பாடு. இரண்டு பேருக்கு. கூடவே, 'வசதியான செருப்பு, தொப்பி, திறந்த மனம் ஆகியவற்றுடன் வரவும்' என்று போட்டிருந்தது.

"செருப்பு இருக்குது. தொப்பி வாங்கிக்கலாம். மூணாவதுக்கு உன்னை வெச்சிக்கினு நான் எங்கேடி போவேன்?" என்றாள். "இதோ பாரு, பட்டன அமுக்குற வரைக்கும்தான் நான். தொண்டைக்குள்ள போற சமாச்சாரம் எல்லாம் உன் பொறுப்பு. அல்லா கேட்டா அப்படித்தான் சொல்லுவேன்."

"சரி, அமுக்கு."

"எந்தத் தேதிக்கு?"

சுவரில் மாதக் காலண்டர் தொங்கியது. என் விரல் தானாகக் கருப்பு வட்டத்துக்குப் போயிற்று. "வேற எப்போ? தோட்டத்துக்குப் போறது அமாவாசை அன்னிக்குத்தான். லீவு."

இங்கேதான் கவனிக்க வேண்டும். நசீமாவாவது நிறுத்தியிருக்க வேண்டாமா? அவளும் தலையை ஆட்டினாள். காரணம், அவள் கடைக்கு வருகிறவர்கள் அத்தனை பேரும் நெசவாளிகள். அமாவாசை அன்றைக்கு அவர்கள் கடையிலும் ஈ ஓட்ட வேண்டியதுதான். ஆக, லீவு என்றால் அமாவாசை என்பதில் இரண்டு மதத்துக்கும் கருத்து வேறுபாடே இல்லை. அந்த வட்டம் விழுந்த கட்டத்துக்கு மேலே 'புதன்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததை நான்கு கண்களும் பார்க்கவில்லை.

டிக்கெட்டில் இரண்டாவது ஆளாக நிவியின் பெயரையும் போன் நம்பரையும் போட்டோம். அவளிடம் மூச்சுவிடவில்லை. பெங்களூரில் போய் இறங்கி, எதிரில் நின்று, திகைக்க வைக்க வேண்டும் என்று திட்டம்.

செவ்வாய்க்கிழமை விடியலில் கிளம்பினேன். நசீமா கொடுத்த சக்கரம் வைத்த பெட்டி, புதுத் தொப்பி, ஒரு டப்பா முறுக்கு, மந்தாரை இலையில் கட்டிய கோயில் இட்லி. (நிவிக்கு அந்த மிளகும் சுக்கும் வாசனையாக இருக்க வேண்டும்.) பஸ்ஸில் முழு வழியும் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். "குடிடி கண்ணு" என்பதைச் சிரித்துக்கொண்டு சொல்வதா, சாதாரணமாகச் சொல்வதா? ஆம்பூர் தாண்டுவதற்குள் ஏழெட்டு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்துச் சீட்டுக்காரர் எழுந்து பின்னால் போய்விட்டார்.

பெங்களூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, தொப்பியை வைத்துக்கொண்டு, போன் போட்டேன்.

"நிவி, எங்கே இருக்கே?"

"ஹைதராபாத்லமா. டிரெயினிங். போன வாரமே சொன்னேனே, வெள்ளிக்கிழமைதான் திரும்புவேன்னு."

சொல்லியிருப்பாள். "இருக்குதுமா"வுக்கும் "வெக்கிறேன்"க்கும் நடுவில் சொல்லியிருப்பாள். நான் அவள் குரலில் கோபம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேனே தவிர, என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை.

"இன்னாம்மா பின்னால ஒரே ஹாரன் சத்தம்?"

"பெங்களூர்ல இருக்கேன்."

"என்னது! யாரு கூட? ஏம்மா சொல்லவே இல்ல?"

"நாளைக்கு உனக்கு லீவாச்சேன்னு..."

"நாளைக்கு புதன்கிழமைமா!"

"ஆமா. அமாவாசை."

"அதுக்கு?"

அந்த 'அதுக்கு?'வைக் கேட்டபோதுதான் எனக்கு வெளிச்சம் வந்தது. அவள் எங்கள் ஊரைவிட்டுப் போய் ஆறு வருஷம் ஆகிவிட்டது. அவள் வாரத்தில் சனியும் ஞாயிறும் இருக்கின்றன. அமாவாசை இல்லை. நான்தான் இன்னும் அவளைத் தறிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

ஒயின் தோட்டம் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "சும்மா ஊரைப் பாக்கலாம்னு வந்தேன். தோழிங்ககூட" என்று புளுகினேன். "சரிம்மா, பத்திரம். கிளாஸ் ஆரம்பிச்சிடுச்சி, வெக்கிறேன்" என்றாள். பஸ் ஸ்டாண்டில் அத்தனை கூட்டத்துக்கு நடுவில் தொப்பியோடு நின்றேன். அடுத்த பஸ்ஸில் ஏறி ஊருக்கே திரும்பியிருக்கலாம். ஆனால் தெருவே வாசலில் நின்று வழியனுப்பியிருக்கிறது. அதே நாள் சாயந்திரம் எந்த முகத்தோடு போய் இறங்குவது? தவிர, வீட்டில் மட்டும் யார் காத்திருக்கிறார்கள்? அங்கே தனியாக இருப்பதை இங்கே இருந்துவிட்டுப் போவோம் என்று டூர்காரர்கள் சொன்ன இடத்துக்கு ஆட்டோ பிடித்தேன்.

டூர் வேனில் என்னைத் தவிர எல்லாரும் ஜோடி. அதிலும் பாதிப் பேர் கையில் மெஹந்தி கலையாத ஜோடி. வழிகாட்டி மஞ்சுநாத் என்கிற இளைஞர், கன்னட வாசனையோடு தமிழ் பேசுவார். "மேடம், இன்னொருத்தரு?"

"வரலைங்க."

அத்தோடு விட்டாரா? ஒவ்வொரு இடத்திலும் வேனில் ஏறியதும் தலை எண்ணுவார். "ஒருத்தரு கம்மி ஆகுது" என்பார். உடனே வேன் மொத்தமும் திரும்பி என்னைப் பார்க்கும். நான் கையைத் தூக்கி, "அது எங்களுதுதான், வரலை" என்பேன். லால்பாக்கில் சொன்னேன். விதான சௌதாவில் சொன்னேன். கடைசியில் அவர் எண்ணத் தொடங்கும்போதே புது மாப்பிள்ளை ஒருவர், "அந்த ஆன்ட்டியோட ஆள் வரல சார்" என்று எனக்காகச் சொல்ல ஆரம்பித்தார். நல்ல பிள்ளை.

இன்னொரு வேலையும் கிடைத்தது. எல்லாரும் ஜோடி என்பதால், இரண்டு பேரையும் சேர்த்துப் படம் எடுக்க ஒரு மூன்றாவது ஆள் வேண்டுமே! "ஆன்ட்டி, ஒரு போட்டோ." கண்ணாடி மாளிகை முன்னால், பூ வண்டி முன்னால், ஐஸ்கிரீமோடு, ஐஸ்கிரீம் இல்லாமல். அன்றைக்கு நான் எடுத்த படத்தை வைத்து நாலு கல்யாண ஆல்பம் போடலாம். நான் இருக்கிற படம் ஒன்றுகூட இல்லை. பெங்களூருக்கு நான் போனதற்குச் சாட்சி கேட்டால், சில படங்களின் ஓரத்தில் என் கட்டைவிரல் இருக்கிறது.

ஓட்டல் ரூமில் இரட்டைக் கட்டில். அதன் மேல் துண்டை முறுக்கி இரண்டு கொக்கு செய்து, மூக்கோடு மூக்கு உரச வைத்திருந்தார்கள். அதைப் பிரிக்க எனக்கு மனசு வரவில்லை. கட்டில் ஓரத்தில் ஒடுங்கிப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் அமாவாசை. தலைக்குக் குளித்துவிட்டு வேனில் ஏறினேன். அவர் போனதிலிருந்து அமாவாசையில் மதியம்வரை நான் பச்சைத்தண்ணி தவிர எதுவும் தொடுவதில்லை. மதியம் சோறாக்கி, காக்காவுக்கு வைத்து, அது எடுத்த பிறகுதான் நான் சாப்பிடுவேன். காக்கா ரூபத்தில் அவரே வந்து சாப்பிடுவதாக ஐதீகம். இப்போது யோசித்துப் பாருங்கள். வருஷத்தில் முந்நூற்றுச் சொச்சம் நாளை விட்டுவிட்டு, விரதம் இருக்கிற நாளாகப் பார்த்து ஒயின் ருசி பார்க்கக் கிளம்பியவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இதுவும் வேனில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

தோட்டம் அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. நெசவுக்குப் பாவு நூல் நீட்டிக் கட்டியதுபோல வரிசை வரிசையாகக் கொடி. கொத்துக் கொத்தாகக் கருநீலத் திராட்சை. நாலு நாளில் அறுவடை. எல்லாவற்றுக்கும் மேலே வலை போட்டு மூடியிருந்தார்கள். எங்களைப் போல வருகிறவர்கள் படம் எடுத்துக்கொள்ள மட்டும் சில வரிசைகளில் வலையைச் சுருட்டி மேலே கட்டியிருந்தார்கள். ஓரத்தில் ஒரு பெரியவர் தகர டப்பாவும் குச்சியுமாக உட்கார்ந்திருந்தார்.

"பறவைங்கதான் நமக்கு சத்ரு" என்று மஞ்சுநாத் விளக்கினார். "ஒண்ணு வந்தா நூறு வரும். அறுவடை டைம்ல ரொம்ப உஷாரா இருக்கணும்."

கேட்டேன். தலையைக்கூட ஆட்டினேன். ஆனால் உச்சி வெயில் ஏறிக்கொண்டிருந்தது, என் மண்டைக்குள் ஒரே கவலை: சோறு வைக்க வேண்டுமே!

கொடிகளுக்குப் பக்கத்தில் பந்தல் போட்டு, ஜோடிக்கு ஒரு சின்ன மேசை. என் மேசையில் ஒரு அட்டை: 'தேவகி – நிவேதா'. இரண்டு நாற்காலி, இரண்டு ஒற்றைக்கால் கிளாஸ். "ஒரு கிளாஸை எடுத்துடட்டா மேடம்?" என்று மஞ்சுநாத் கேட்டார். "இருக்கட்டும். அவளுதையும் ஊத்துங்க" என்றேன். ஊற்றினார். காலி நாற்காலிக்கு முன்னால் அந்த அரக்குக் கலர் நின்றது. அதைப் பார்த்து, யார் காதிலும் விழாமல், "குடிடி கண்ணு" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். ஒத்திகை பார்த்தது வீணாகக் கூடாதில்லையா?

ருசி பார்க்கிற கூத்து ஆரம்பித்தது. கிளாஸைச் சுழற்றச் சொன்னார்கள், முகரச் சொன்னார்கள், வெளிச்சத்தில் கலரைப் பார்க்கச் சொன்னார்கள். மற்றவர்கள், "பெர்ரி", "சாக்லெட்" என்றெல்லாம் கண்ணை மூடிச் சொன்னார்கள். விரதக்காரி நான் என்ன செய்வது? கலரைப் பார்க்கச் சொன்னார்களே என்று, எங்கள் வழக்கப்படி, வெள்ளைக் கைக்குட்டை முனையை உள்ளே நனைத்துப் பிழிந்தேன். பட்டு நூலில் சாயம் நிற்குமா என்று அப்படித்தான் பார்ப்போம். "சாயம் போவுதே!" என்று வாய் விட்டுச் சொல்லியும்விட்டேன். பந்தல் மொத்தமும் அவரவர் கிளாஸைச் சந்தேகமாகப் பார்த்தது. மஞ்சுநாத்துக்கு வேர்த்துவிட்டது.

சாப்பாடு வந்தது. நல்லவேளை, வெள்ளைச் சோறும் பருப்பும் இருந்தன. ஒரு கை எடுத்துப் பிசைந்தேன். இலை? கையெட்டும் தூரத்தில் கொடி. அகலமாக ஒரு திராட்சை இலையைக் கிள்ளி, சோற்றை வைத்துக்கொண்டு, வலை சுருட்டிய வரிசைக்குள் யாரும் கவனிக்காமல் போனேன். ஒரு கல் மேல் இலையை வைத்துவிட்டுக் கூப்பிட்டேன்.

"கா... கா..."

ஒன்றும் வரவில்லை. ஊரில் இருந்தால் கை தட்டுவதற்குள் மாடிச் சுவரின் மேல் நாலு நிற்கும். இங்கே தூரத்தில் யூகலிப்டஸ் மரங்களில் கருப்பாக உட்கார்ந்திருக்கின்றன, ஆனால் வர மாட்டேன் என்கின்றன. (டப்பா அடித்து அடித்து அவற்றை மிரட்டி வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு எங்கே தெரியும்?) வெயில் ஏறுகிறது. பந்தலில் ஜோடிகள் சிரிக்கிற சத்தம். எனக்குத் துக்கம் பொங்கிவிட்டது. நேற்றிலிருந்து அடக்கி வைத்தது எல்லாம் சேர்ந்து வந்தது.

"வாங்களேன்!" என்று கத்தினேன். "உங்க பொண்ணுதான் வரலை. நீங்களாவது வரக் கூடாதா? நான் ஒண்டியா எவ்ளோ நேரம் நிப்பேன்? கா! கா! கா!"

எங்கள் தெருவில் என் குரல் பிரசித்தம்.

வந்தது. முதலில் ஒன்று வந்து சோற்றில் கால் வைத்தது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். கும்பிட்டுக் கண்ணைத் திறப்பதற்குள் யூகலிப்டஸ் மரம் காலியாகிவிட்டது. நசீமாவிடம் நான் நூறு காக்கா என்று சொன்னேன். அவள் ஊருக்குச் சொல்லும்போது ஆயிரமாக்கிவிட்டாள். உண்மை நடுவில் எங்கேயோ இருக்கும். வலை இல்லாத வரிசைகளில் பாய்ந்தன. திராட்சை சிதறியது. டப்பாக்காரப் பெரியவர் டங்கு டங்கென்று அடித்துக்கொண்டு ஓடி வந்தார். அந்தச் சத்தத்தில் மிரண்ட காக்காக்கள் பந்தலுக்குள் புகுந்தன. ஜோடிகள் மேசைக்கு அடியில் புகுந்தார்கள். தட்டில் வெட்டி வைத்திருந்த சீஸ் துண்டெல்லாம் ஆகாயத்தில் போயிற்று. எனக்காகப் பேசிய அந்தப் புது மாப்பிள்ளை பெண்டாட்டியை விட்டுவிட்டு வேனுக்கு ஓடிவிட்டார். (அந்தக் குடும்பத்தில் அதன் பிறகு என்ன நடந்தது என்று இன்றைக்கும் எனக்குக் கவலை உண்டு.)

நான் என் மேசையைப் பார்த்தேன். நிவியின் நாற்காலி முதுகில் ஒரு காக்கா வந்து உட்கார்ந்தது. நல்ல வாட்டசாட்டமான காக்கா. தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. மேசையில் குதித்து, நிவியின் கிளாஸைத் தட்டிவிட்டு, சிந்தியதில் மூக்கை நனைத்தது. ஒரு தடவை இல்லை. நிதானமாக, மூக்கைத் தூக்கித் தூக்கி, ரசித்துக் குடித்தது.

"மேடம்!" மஞ்சுநாத் மூச்சு வாங்க வந்து நின்றார். "நீங்களா கூப்ட்டீங்க? ஏன் மேடம்?"

"அமாவாசைங்க."

"அதுக்கு?"

இரண்டு நாளில் இரண்டாவது 'அதுக்கு?'. இந்த முறை நான் பதில் சொல்லவில்லை, அழ ஆரம்பித்துவிட்டேன். அந்தப் பிள்ளை பாவம், பயந்துபோய், டிக்கெட்டில் இருந்த இரண்டாவது நம்பருக்குப் போன் போட்டுவிட்டார். "நிவேதா மேடமா? உங்க அம்மா இங்க வைன்யார்ட்ல... இல்ல இல்ல, உடம்புக்கு ஒண்ணும் இல்ல... காக்கா மேடம்... ஆமா, காக்கா..." என்று திணறி, போனை என் கையில் திணித்தார்.

"அம்மா! எங்கே இருக்கே நீ? ஒயின் தோட்டம்ங்கறாரு!"

"ஆமா."

"நீயா? எதுக்கும்மா?"

"உன்னைக் கூட்டிக்கினு வரலாம்னு... உனக்குப் பிடிக்குமேன்னு..." அதற்கு மேல் ஒத்திகை பார்த்த வசனம் எதுவும் வரவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வாயில் வந்ததைச் சொன்னேன். "உனக்குன்னு ஒரு கிளாஸ் ஊத்தி வெச்சிருந்தேன்டி. உங்கப்பா வந்து குடிச்சிட்டாரு."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அன்றைக்கு இருந்த மாதிரியே. போச்சு, மறுபடியும் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"அப்பா... குடிச்சாரா?"

"என் கண்ணால பாத்தேன். சிந்தினது பூரா. ஒரு சொட்டு விடலை."

முதலில் ஒரு விக்கல் மாதிரிதான் கேட்டது. அப்புறம் வெடித்தாள் பாருங்கள் ஒரு சிரிப்பு! நிறுத்தவே முடியவில்லை அவளால். அங்கே யாரோ "ஆர் யூ ஓகே?" என்று கேட்பதும், இவள் "மை டாட்... மை டாட்..." என்று சொல்ல முடியாமல் திணறுவதும் கேட்டது. சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. நானும் இந்தப் பக்கம் அதையேதான் செய்துகொண்டிருந்தேன்.

"திட்டினியா அவரை?" என்றாள் கடைசியில்.

"இன்னாத்தைத் திட்டறது? பசியில வந்திருக்காரு."

"அப்போ என்னையும் திட்ட மாட்டே?"

"மாட்டேன்டி."

அவள் வரவில்லை. ஹைதராபாத்திலிருந்து எப்படி வர முடியும்? டிரெயினிங்குக்குத் திரும்பிப் போய்விட்டாள். நான் மஞ்சுநாத்திடம் போனைக் கொடுத்து, மன்னிப்புக் கேட்டேன். என் வாழ்க்கையில் முதல் மன்னிப்பு ஒரு கன்னடக்காரப் பிள்ளையிடம் போயிற்று. "எங்க அம்மாவும் கூப்பிடுவாங்க மேடம்" என்றார் அவர், தலையிலிருந்து ஒரு காக்கா இறகை எடுத்துக்கொண்டே. "ஆனா மொட்டை மாடியில கூப்பிடுவாங்க." கிளம்பும்போது வருகிறவர்களுக்கெல்லாம் ஞாபகார்த்தமாகக் கொடுக்கிற கிளாஸ், ஆளுக்கு ஒன்று, எனக்கு இரண்டாகவே கொடுத்தார். வேனில் ஏறியதும் தலை எண்ணினார். ஒருத்தர் குறைவதை அன்றைக்கு அவர் சொல்லவில்லை.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டு காலி. அங்கே பெட்டியை வைத்து, அதற்கு மேல் இரண்டு கிளாஸையும் புடவையில் சுற்றி வைத்துக்கொண்டேன். நிவிக்குக் கொண்டுவந்த இட்லியைப் பிரித்துத் தனியாகச் சாப்பிட்டேன். கொஞ்சம் புளித்திருந்தது.

நாலு வருஷம் ஆகிவிட்டது. நசீமாவின் புண்ணியத்தில் கதை காஞ்சிபுரத்தைச் சுற்றி வந்து, வாலாஜாபாத் சம்பந்தி வீடுவரை போய்விட்டது. எந்த விசேஷத்திலும் ஜூஸ் கொடுத்தால், "மாமாவுக்கு ஒரு கிளாஸ் வெச்சாச்சா?" என்பார்கள். நிவிக்குப் பெண் கேட்டு வந்தவர்களே, "இவங்கதானா அந்த காக்கா அம்மா?" என்று கேட்டார்கள். (அந்த இடம் அமையவில்லை. அதற்குக் காரணம் காக்கா இல்லை என்று நம்புகிறேன்.) அந்த ஒற்றைக்கால் கிளாஸ் இரண்டும் அடுப்பங்கரை அலமாரியில் இருக்கின்றன. ஒன்றில் ஜவ்வரிசி வடாம் வைத்திருக்கிறேன். இன்னொன்று அவள் வந்தால் மோர் குடிக்க.

வந்தால்தானே? சனி ஞாயிறு அவளுக்கு, அமாவாசை எனக்கு. இரண்டும் ஒன்றாக விழுகிற மாதம் எப்போதாவதுதான் வரும். மற்ற அமாவாசைகளில் தெரு ஊமையாகிக் கிடக்கும். நான் சோறாக்கி, மாடிக்குப் போய் வைத்துவிட்டுக் கூப்பிடுவேன். சரியாக அந்த நேரத்துக்கு ஆபீஸிலிருந்து போன் வரும். வேலையெல்லாம் விட்டுவிட்டுப் படிக்கட்டில் வந்து நின்று பேசுவாள்.

"என்னம்மா, அப்பா வந்துட்டாரா?"

எங்கள் வீட்டுக் காக்காக்கள் நேரம் தவறாதவை. அவள் போன் செய்வதற்குள் வந்து, தின்று, கைப்பிடிச்சுவரில் மூக்கைத் துடைத்துக்கொண்டு போயிருக்கும். காலி இலை என் முன்னால் கிடக்கும்.

"இன்னும் வரலைடி" என்பேன்.

"சரி, வர்ற வரைக்கும் பேசிக்கினு இருப்போம்" என்பாள் அவள்.